100 கி.மீ. வேகத்தில் மட்டும் வரும் உதறல்

ட்ரக் 80 வரை அமைதியாகப் போகிறது. 90-ஐத் தாண்டியதும் ஸ்டீயரிங்கிலோ சீட்டுக்கு அடியிலோ உதறல் தொடங்குகிறது. 100-ல் உச்சம். 115-க்கு மேல் சற்று அடங்கினாற்போல் இருக்கிறது. நான்கு சக்கரத்துக்கும் பேலன்சிங் பார்த்தாயிற்று, அலைன்மென்ட் பார்த்தாயிற்று, ஷாக் அப்சார்பர் மாற்றியாயிற்று. உதறல் மட்டும் அப்படியே இருக்கிறது. இந்த நிலைக்கு வந்த வண்டிகளில் பெரும்பாலும் ஒரு வேலை மட்டும் செய்யப்பட்டிருக்காது: அந்த உதறல் விநாடிக்கு எத்தனை முறை அடிக்கிறது என்று யாரும் அளந்திருக்க மாட்டார்கள்.

முதலில் அலைன்மென்ட்டை ஒதுக்கிவிடலாம். டோ, கேம்பர் எனப்படும் சக்கரச் சாய்வுக் கோணங்கள் பிசகினால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஒரு ஓரமாகத் தேயும். ஆனால் அந்தக் கோணங்கள் சுழல்பவை அல்ல. சீரான தாளத்தில் வரும் அதிர்வைச் சுழலும் பாகம்தான் உண்டாக்க முடியும். தவறான அலைன்மென்ட்டில் நெடுநாள் ஓடி, டயர் மேடும் பள்ளமுமாகத் தேய்ந்திருந்தால் அந்த டயர் உதறும். அப்போதும் அலைன்மென்ட்டைச் சரிசெய்வதால் தேய்ந்த டயர் வட்டமாகிவிடாது.

சுழலும் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு எண் உண்டு. 265/70 ஆர் 17 டயரை எடுத்துக்கொள்வோம். உருளும்போது அது ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2.44 மீட்டர் கடக்கும். கிலோமீட்டருக்கு 410 சுற்று. மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் விநாடிக்கு 11.4 சுற்று, அதாவது 11.4 ஹெர்ட்ஸ். டிஃபரன்ஷியல் (பின் ஆக்சில் நடுவில் உள்ள பல்சக்கரத் தொகுதி) விகிதம் 3.73 என்றால், கியர் பாக்ஸிலிருந்து அதற்கு விசை கொண்டுபோகும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் அதே வேகத்தில் 11.4 × 3.73 = 42.5 ஹெர்ட்ஸில் சுழலும். ஷாஃப்ட்டின் முனையில் மடங்கிக்கொடுக்கும் யூ-ஜாயின்ட்டின் கோணத்தால் வரும் அதிர்வு ஷாஃப்ட் ஒரு சுற்றுச் சுற்றும்போது இரண்டு முறை வரும்; எனவே 85 ஹெர்ட்ஸ். என்ஜின் 1,900 ஆர்.பி.எம்-ல் ஓடினால், 60-ஆல் வகுக்க 31.7 ஹெர்ட்ஸ். நான்கு சிலிண்டர் என்ஜினில் எரிப்புத் துடிப்பு அதைப்போல் இரு மடங்கு, ஆறு சிலிண்டரில் மூன்று மடங்கு. பெரிய சரக்கு லாரியின் டயர் சுற்றுக்கு 3.2 மீட்டர் கடக்கும், 80 கி.மீ. வேகத்தில் 7 ஹெர்ட்ஸ்தான் வரும். உங்கள் டயரின் சரியான சுற்றளவை அறிய, டயரின் அடியில் தரையைத் தொடும் இடத்தில் சாக்பீஸ் குறி போட்டு, வண்டியை நேராகப் பத்துச் சுற்று உருட்டி, தூரத்தை டேப்பால் அளந்து பத்தால் வகுத்தால் போதும். வேகத்தை ஜி.பி.எஸ்ஸில் பாருங்கள். வண்டியின் ஸ்பீடோமீட்டர் பெரும்பாலும் கூடுதலாகவே காட்டும். கணக்கு தொடக்கத்திலேயே பிசகிவிடும்.

கருவி இல்லாமலேயே உடம்பு ஓரளவு சொல்லிவிடும். 5 முதல் 20 ஹெர்ட்ஸ் வரை உள்ளதைக் கண்ணால் பார்க்கலாம்: ஸ்டீயரிங் இடவலமாக ஆடும், கண்ணாடியில் பிம்பம் கலங்கும், பாட்டிலில் தண்ணீர் அலையும். இது டயர், ரிம், ஹப் (சக்கரம் மாட்டும் மையப் பாகம்), பிரேக் டிரம் ஆகியவற்றின் எல்லை. 20-லிருந்து 50 வரை காலடியிலும் சீட்டிலும் முரமுரப்பாகத் தெரியும். ஷாஃப்ட்டும் என்ஜினும் இங்கே வரும். அதற்கும் மேலே போனால் உணர்வதைவிடக் கேட்பதே அதிகம், காதை அடைக்கும் உறுமலாக. முன்சக்கரக் கோளாறு ஸ்டீயரிங்கிலும், பின்சக்கரக் கோளாறு சீட்டிலும் தெரியும் என்று சொல்வார்கள். பெரும்பாலும் சரிதான். ஆனால் சேஸி சட்டத்தின் மேல் கேபின் உட்காரும் வண்டிகளில் பின்பக்க அதிர்வு சட்டம் வழியாக முன்னே வந்து ஸ்டீயரிங் தண்டையும் ஆட்டும். அதை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

ஏன் 100-ல் மட்டும்? எடை சமமில்லாத சக்கரம் எல்லா வேகத்திலும் உதறத்தானே வேண்டும்? உதறுகிறது, விசைதான் வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. 17 அங்குல ரிம்மின் ஓரத்தில் 30 கிராம் குறைந்தால், 100 கி.மீ. வேகத்தில் அது ஏறத்தாழ 3.4 கிலோ எடைக்கு ஈடான இழுப்பாகும், விநாடிக்குப் பதினொரு முறை. 50 கி.மீ-ல் அதில் கால் பங்குதான். இதோடு இன்னொன்றும் சேர்கிறது. சக்கரமும் ஹவுசிங்கும் (ஆக்சிலையும் டிஃபரன்ஷியலையும் மூடிய கூடு) சேர்ந்த எடை, கீழே டயருக்கும் மேலே ஸ்பிரிங்குக்கும் நடுவில் துள்ளுவதற்கென்று ஒரு இயல்பான அதிர்வெண் வைத்திருக்கிறது. பொதுவாக 10 முதல் 15 ஹெர்ட்ஸ். சக்கரத்தின் சுழற்சி அந்த எண்ணைத் தொடும் வேகம்தான் நெடுஞ்சாலை வேகம். அந்த இடத்தில் சின்னக் குறையும் பெரிதாகத் தெரியும், தாண்டிப்போனால் தணியும். 115-ல் அடங்குகிறது என்பதால் கோளாறு சிறியது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

சோதனை ஓட்டத்துக்கு முன் காற்றழுத்தத்தைக் குறிப்பிட்ட அளவுக்குக் கொண்டுவந்து, 15–20 கி.மீ. ஓட்டி டயரைச் சூடாக்குங்கள். இரவு முழுக்க நின்ற டயரின் அடிப்பகுதி தட்டையாகியிருக்கும். அந்த உதறல் ஓட ஓடப் போய்விடும். சாலையையும் மாற்றிப் பாருங்கள். சீரான இடைவெளியில் இணைப்பு உள்ள கான்கிரீட் சாலை தானே ஒரு தாளத்தைக் கொடுக்கும்: 4.5 மீட்டருக்கு ஒரு இணைப்பு என்றால் 100 கி.மீ-ல் விநாடிக்கு ஆறு தட்டு. அதை வண்டியின் கோளாறாக எண்ணிப் பாகம் மாற்றியவர்களும் உண்டு.

பிறகு உதறல் உச்சத்தில் இருக்கும் வேகத்துக்கு வந்து, ஆளில்லாத நேரான சாலையில் நியூட்ரலில் தள்ளி உருளவிடுங்கள். என்ஜினை ஒருபோதும் அணைக்காதீர்கள். பிரேக் உதவியும் ஸ்டீயரிங் உதவியும் போய்விடும், ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளவும் கூடும். நியூட்ரலிலும் உதறல் அப்படியே இருந்தால் என்ஜின் விடுதலை; சக்கரம், ஷாஃப்ட், ஹவுசிங் ஆகிய மூன்றில் ஒன்று. அடுத்து, அதே வேகத்தை ஒரு கியர் குறைத்து ஓட்டுங்கள். வண்டி வேகம் மாறாமல் என்ஜின் வேகம் மட்டும் ஏறுகிறது. உதறலின் தாளம் மாறினால் என்ஜின் பக்கம், மாறாவிட்டால் சக்கரம் அல்லது ஷாஃப்ட் பக்கம். மேலே போட்ட கணக்கில் டயரின் மூன்றாம் மடங்கு (ஒரு சுற்றுக்கு மூன்று முறை தட்டினால் வருவது) 34 ஹெர்ட்ஸ், என்ஜின் 31.7, அளந்து பார்த்தாலும் குழப்பும் அளவுக்கு அருகில் இருக்கின்றன. கியர் மாற்றும் இந்தச் சோதனை அவற்றை உறுதியாகப் பிரிக்கும்.

ஆக்சிலேட்டரை அழுத்தும்போது மட்டும் வந்து, காலை எடுத்ததும் மறைந்தால் ஜாயின்ட் கோணங்களையும், முன் ஆக்சில் ஷாஃப்ட்டின் உள் ஜாயின்ட்டையும் சந்தேகிக்க வேண்டும். ஆட்டோமேட்டிக் வண்டியில் மெல்லிய ஆக்சிலேட்டரில், சொரசொரப்பான பட்டைகள்மேல் ஓடுவதுபோல் ஓரிரு விநாடி வந்து போனால், இடது காலால் பிரேக்கை லேசாகத் தொட்டுப் பாருங்கள். என்ஜினையும் கியர் பாக்ஸையும் நேராகப் பூட்டும் டார்க் கன்வெர்ட்டர் லாக்-அப் விடுபட்டு உடனே நின்றால், அது சக்கரக் கோளாறே அல்ல; கியர் பாக்ஸ் ஆயிலையும் லாக்-அப் கிளட்ச்சையும் பார்க்க வேண்டும்.

அளக்க இன்று போனே போதும், அதிர்வுமானிச் செயலி ஒன்று இருந்தால். போனைக் கையில் பிடிக்காமல், மெத்தையில் வைக்காமல், சீட்டின் இரும்புத் தண்டவாளத்திலோ தரைத் தகட்டிலோ இறுகக் கட்டுங்கள். ஒரு எச்சரிக்கை. பல போன்கள் விநாடிக்கு 100 முறைதான் பதிவெடுக்கின்றன. அப்படியானால் 50 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ள எதையும் சரியாகக் காட்ட முடியாது. 85 ஹெர்ட்ஸ் ஜாயின்ட் அதிர்வு அந்தப் பதிவில் 15 ஹெர்ட்ஸாக மடங்கித் தெரியக்கூடும். அதைப் பார்த்துவிட்டு டயர்தான் என்று போய்விடுவோம். செயலியில் பதிவு வேகத்தை முதலில் பாருங்கள். இரண்டு மூன்று வேகங்களில் அளந்து, எண் வேகத்தோடு விகிதமாக ஏறுகிறதா என்றும் பாருங்கள்: 80-ல் 9.1, 100-ல் 11.4, 110-ல் 12.5 என்று வந்தால் அது சக்கரத்தோடு சுழலும் பாகம்தான், சந்தேகமே வேண்டாம்.

சக்கரம் என்று உறுதியானால், வாய்ப்பிருந்தால் முதலில் செய்ய வேண்டியது, அதே அளவுள்ள, உதறாத இன்னொரு வண்டியின் நான்கு சக்கரங்களையும் மாட்டி ஓட்டிப் பார்ப்பது. ஒரு மணி நேர வேலை. உதறல் போனால் சிக்கல் சக்கரத்தில், போகாவிட்டால் ஹப்பிலோ அதற்கு உள்ளேயோ. வேறு எந்தச் சோதனையும் இவ்வளவு தெளிவாகப் பதில் சொல்வதில்லை. அது முடியாதவர்கள் முன் ஜோடியைப் பின்னுக்கு மாற்றி, உதறல் இடம் மாறுகிறதா என்று பார்க்கலாம்.

"பேலன்சிங் பார்த்தாயிற்று, மெஷின் பூஜ்யம் காட்டியது" என்பது முடிவான பதில் அல்ல. மெஷின் பூஜ்யம் காட்டுவது, அந்தச் சக்கரம் அந்த மெஷினின் தண்டில் உட்கார்ந்திருக்கும் விதத்துக்குத்தான். ட்ரக் ரிம்மின் நடுத்துளை பெரியது. பொருந்தாத கோனை (துளையில் நுழைந்து சக்கரத்தை மையப்படுத்தும் கூம்பு) வைத்து இறுக்கினால் சக்கரம் மையம் விலகி உட்காரும். அந்தப் பிசகையும் சேர்த்து மெஷின் எடை ஒட்டச் சொல்லும். வண்டியில் மாட்டியதும் அந்த எடையே கோளாறாகிவிடும். சோதிப்பது எளிது. பூஜ்யம் வந்த பிறகு நட்டைத் தளர்த்தி, சக்கரத்தை மட்டும் தண்டின்மேல் 180 பாகை திருப்பி, மீண்டும் இறுக்கிச் சுற்றவிடுங்கள். 10 கிராமுக்கு மேல் காட்டினால் மையம் சரியில்லை. கோனை மாற்றி, ரிம்மின் உட்புறத்தைத் துடைத்து, முதலிலிருந்து தொடங்க வேண்டும். பல மெஷின்கள் சிறு எடைகளை மறைத்துப் பூஜ்யம் என்று காட்டும். நுண்ணளவு காட்டும் பட்டனை அழுத்தச் சொல்லுங்கள்.

அடுத்தது எடையால் தீராத கோளாறு. டயரும் ரிம்மும் எடையில் சமமாக இருந்தாலும் வட்டமாக இல்லாமல் இருக்கலாம். சக்கரத்தைத் தூக்கி, டயல் கேஜை (நுண்ணிய விலகலை முள்ளால் காட்டும் அளவி) டயரின் நடுப்பகுதியில் வைத்து மெதுவாகச் சுற்றுங்கள். ட்ரெட் வெட்டுகளில் முள் விழாமல் இருக்க மேலே ஒரு சுற்று டேப் ஒட்டிக்கொள்ளலாம். வண்டியில் மாட்டிய நிலையில் மேல்-கீழ் ரன்-அவுட் (வட்டத்திலிருந்து விலகும் அளவு) 1.5 மி.மீ-க்குள் இருக்க வேண்டும். ரிம்மை மட்டும் அளந்தால் அலாய்க்கு 0.75, இரும்புக்கு 1 மி.மீ. வரை பொறுக்கலாம். இதெல்லாம் சரியாக இருந்தும், டயரின் ஒரு பகுதி மற்றப் பகுதியைவிட விறைப்பாக இருக்கலாம். சும்மா சுற்றும்போது தெரியாது, எடை ஏறினால்தான் தெரியும். அதற்குத்தான் டயர்மேல் உருளையை அழுத்திச் சுழற்றும் ரோட் ஃபோர்ஸ் மெஷின். பிக்கப் சக்கரத்தில் அது காட்டும் விசை வேறுபாடு 13–14 கிலோவைத் தாண்டினால் உணர முடியும் என்று எடுத்துக்கொள்ளலாம். தாண்டினால் உடனே டயரைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. டயரின் மேடான இடத்தை ரிம்மின் பள்ளமான இடத்துக்கு நேராகத் திருப்பி மாட்டினால் பல டயர்கள் எல்லைக்குள் வந்துவிடும். புது டயரில் சிவப்புப் புள்ளி இருந்தால் பெரும்பாலும் அது விசை மிகுந்த இடம். மஞ்சள் புள்ளி எடை குறைந்த இடம், அது வால்வுக்கு நேராக வரும்.

பெரிய டயர்களில் பீட் (ரிம்மில் உட்காரும் டயரின் உள் விளிம்பு) சரியாக உட்காராததும் அடிக்கடி நடக்கிறது. ரிம் விளிம்பை ஒட்டி டயரில் ஒரு மெல்லிய வளையக் கோடு இருக்கும். அந்தக் கோட்டுக்கும் ரிம்முக்கும் உள்ள இடைவெளி சுற்றிலும் ஒரே அளவாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் ஒன்றரை மி.மீ-க்கு மேல் கூடினால் காற்றை இறக்கி, பீட்டைத் தள்ளி, சோப்புக் கரைசல் தடவி மறுபடி ஏற்றுங்கள். ட்ரெட்டில் கையால் தடவும்போது ஒரு வீக்கம் தட்டுப்பட்டால், அல்லது உதறல் 40–50 கி.மீ-லேயே தொடங்கினால், உள்ளே எஃகுப் பட்டை பிரிந்திருக்கலாம். அந்த டயரோடு சோதனை ஓட்டம் வேண்டாம், வெடிக்கும்.

சக்கரத்தைக் கழற்றியிருக்கும்போதே ஹப் முகத்தைப் பாருங்கள். துருப்பொருக்கு ஒரு பக்கம் ஒட்டியிருந்தால் சக்கரம் சாய்ந்து உட்காரும். கம்பிப் பிரஷ்ஷால் வெள்ளையாகும்வரை தேயுங்கள். ஹப் ஃபிளேஞ்சின் (ரிம் ஒட்டி உட்காரும் தட்டின்) பக்கவாட்டு ரன்-அவுட் 0.13 மி.மீ. அளவுக்குள் இருப்பது நல்லது. அங்கே உள்ள சிறு பிசகு டயரின் ஓரத்தில் பல மடங்காகும். நட்டின் சாய்வு ரிம் துளையின் சாய்வோடு பொருந்துகிறதா என்றும் பாருங்கள், கூம்பு நட்டும் உருண்டை நட்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. சக்கரம் காற்றில் இருக்கும்போதே நட்டுகளை எதிரெதிராக, இரண்டு மூன்று தவணையில் இறுக்கி, கடைசி இறுக்கத்தை டார்க் ரென்ச்சால் கையேட்டில் உள்ள அளவுக்குக் கொடுங்கள். ஹப்பின் மேடைமேல் ரிம் உட்காரும் சரக்கு லாரிகளில், மேடைகளில் ஒன்றை 12 மணி நிலைக்குக் கொண்டுவந்துவிட்டு ரிம்மை மாட்டினால் மையம் தவறாது.

அளந்த எண் 42 பக்கம் வந்திருந்தால் டயர்க்கடையில் நேரம் செலவிட வேண்டாம். ஷாஃப்ட்டுக்குக் கீழே படுக்க வேண்டும்.

முதலில் கண்ணால். சேறும் தார்ப்பூச்சும் ஒட்டியிருக்கிறதா, குழாயில் நசுங்கல் இருக்கிறதா, பற்றவைத்த பேலன்ஸ் தகடு விழுந்து தழும்பு மட்டும் மிஞ்சியிருக்கிறதா? டயல் கேஜில் இரு முனையிலும் நடுவிலும் அளந்தால் 1 மி.மீ-க்குள் வர வேண்டும். ஜாயின்ட்டைக் கையால் ஆட்டிப் பார்த்து "ஆட்டம் இல்லை, நன்றாக இருக்கிறது" என்று விட்டுவிடுவது பரவலான தவறு. இறுகிப்போன கிராஸிலும் (ஜாயின்ட்டின் நடுவில் உள்ள சிலுவைத் துண்டு) ஆட்டம் இருக்காது! ஷாஃப்ட்டைக் கழற்றி, யோக்கை (கிராஸைப் பிடித்திருக்கும் கவை) கையால் மடக்கிப் பாருங்கள். நடுநிலையில் ஒரு பள்ளத்தில் விழுவதுபோல் நின்றாலோ, ஒரு திசையில் விறைத்தாலோ அந்த கிராஸ் முடிந்தது. கப்பின் ஓரத்தில் செம்மண் நிறத் தூள் இருந்தால் உள்ளே கிரீஸ் இல்லை. கழற்றும் முன் ஃபிளேஞ்சிலும் யோக்கிலும் ஒரே பெயிண்ட் கோடு இழுத்துவிடுங்கள். ஸ்ப்ளைனில் (ஒரு தண்டு இன்னொன்றுக்குள் நுழைந்து பொருந்தும் பல்வரிசை) ஒரு பல் மாறி மாட்டினாலும் இரு முனை யோக்குகளின் வரிசை கெடும்; ஒரு ஜாயின்ட் கொடுக்கும் ஏற்ற இறக்கத்தை மற்றது சமன்செய்ய முடியாமல் போகும்.

வண்டியை உயர்த்தியவர்களும், பின் ஸ்பிரிங் மாற்றியவர்களும் கோணத்தை அளந்தே ஆக வேண்டும். சமதரையில், வழக்கமான சுமையோடு, சக்கரம் தரையில் இருக்கும் நிலையில் அளக்க வேண்டும். கியர் பாக்ஸ் வெளித்தண்டு 4 பாகை, ஷாஃப்ட் 6.5 பாகை, பினியன் (டிஃபரன்ஷியலுக்குள் நுழையும் தண்டு) 4 பாகை, எல்லாம் ஒரே பக்கச் சாய்வு என்றால் இரு ஜாயின்ட்டிலும் வேலைக் கோணம் 2.5, நல்ல அமைப்பு. ஒவ்வொன்றும் 3-க்குள் இருக்கட்டும், இரண்டுக்கும் வித்தியாசம் 1-க்குள். பூஜ்யமும் ஆகாது: ஊசி உருளைகள் அசையாமல் ஒரே இடத்தில் அழுத்திப் பள்ளம் போடும், குறைந்தது அரைப் பாகை வேண்டும். கோணம் இரு மடங்கானால் வேக ஏற்ற இறக்கம் நான்கு மடங்காகும் என்பதால் 3-க்கும் 6-க்கும் உள்ள வேறுபாடு மிகப் பெரியது. பட்டை ஸ்பிரிங் வண்டியில் இழுவையின்போது பினியன் மூக்கு மேலெழும். அதற்கு இடம் கொடுத்து நிற்கும்போது ஓரிரு பாகை தாழ்த்தி வைப்பார்கள். ஸ்பிரிங்குக்கும் ஹவுசிங்குக்கும் நடுவே ஆப்புத் தகடு வைத்துத் திருத்தலாம். இரு துண்டு ஷாஃப்ட் என்றால் சென்டர் பேரிங்கின் ரப்பர் கிழிந்திருக்கிறதா என்று பார்ப்பது எல்லாவற்றுக்கும் முந்திய வேலை.

கோணமும் ஜாயின்ட்டும் சரி, எண் மட்டும் ஷாஃப்ட்டைக் காட்டுகிறது என்றால் ஃபிளேஞ்சில் ஷாஃப்ட்டை 180 பாகை திருப்பி மாட்டிப் பாருங்கள். உதறல் கூடினாலோ குறைந்தாலோ ஷாஃப்ட்டின் குறையும் பினியன் ஃபிளேஞ்சின் குறையும் சேர்ந்து வேலை செய்கின்றன. பினியன் நட்டை மட்டும் அவசரப்பட்டுத் தளர்த்தாதீர்கள். நசுங்கும் ஸ்லீவ் உள்ள ஹவுசிங்கில் பேரிங்கின் முன்னழுத்தம் போய்விடும். இதன் பிறகும் மிஞ்சுவதை இரண்டு ஹோஸ் கிளிப்பால் பிடிக்கலாம். ஹவுசிங் பக்க முனையில் ஷாஃப்ட்டைச் சுற்றி நான்கு குறி. ஒரு கிளிப்பின் திருகுத் தலையை ஒவ்வொரு குறியிலும் வைத்து ஓட்டிப் பார்த்து, உதறல் மிகக் குறையும் குறியைக் கண்டுபிடியுங்கள். போதவில்லை என்றால் இரண்டாவது கிளிப்பின் தலையையும் அங்கேயே வையுங்கள். அது அதிகமானால் இரு தலைகளையும் அந்தக் குறியிலிருந்து இருபுறமும் சம அளவில் விலக்கிக்கொண்டே போய், மிகக் குறைவான நிலையில் இறுக்குங்கள். வண்டியை ஸ்டாண்டில் ஏற்றிச் சோதிப்பதானால் ஹவுசிங்குக்கு அடியில்தான் ஸ்டாண்ட் வைக்க வேண்டும். ஹவுசிங் தொங்கினால் ஜாயின்ட் கோணம் மாறிவிடும், காண்பது எதுவும் உண்மையாக இருக்காது. சுழலும் ஷாஃப்ட்டின் அருகில் யாரும் நிற்கக் கூடாது.

சில வண்டிகளில் எண் சுத்தமாக டயரைக் காட்டும், ஆனால் உதறல் நிலையாக இருக்காது. எழும், அடங்கும், மறுபடி எழும். இது இரண்டு சக்கரங்களின் வேலை. இரு டயர்களின் சுற்றளவில் அரை சதவீதம் வித்தியாசம் இருந்தால் 100 கி.மீ-ல் ஏறத்தாழ 17 விநாடிக்கு ஒரு முறை இரு உதறல்களும் ஒன்றுசேரும், பிறகு ஒன்றையொன்று தின்றுவிடும். ஒரு வளைவைக் கடந்தாலே தாளம் இடம்மாறும். ஒரு சக்கரத்தை மட்டும் சரிசெய்துவிட்டு "பாதி குறைந்தது, இது தீராது" என்று கைவிடப்படும் வண்டிகள் பெரும்பாலும் இந்த வகைதான். மிச்சம் உள்ளதை மறுபடி அளக்க வேண்டும். முதல் கோளாறு மறைத்திருந்த இரண்டாவது எண் அப்போதுதான் தெரியும்.

தேய்ந்த டை ராட், கிழிந்த புஷ், ஓய்ந்த ஷாக், அமுங்கிப்போன என்ஜின் மவுன்டிங், சட்டத்தைத் தொடும் சைலன்ஸர் ஆகிய எதுவும் அதிர்வைப் பிறப்பிக்காது, இருப்பதைப் பெருக்கிக் கொடுக்கும். அவற்றை மாற்றினால் உதறல் குறைவது உண்மை. ஆனால் மூலம் உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும், புதிய புஷ்ஷையும் தின்னும். என் முறைப்படி மூலத்தை அளந்து சரிசெய்த பிறகே இவற்றின் முறை வரும். வேலை முடிந்து 80–100 கி.மீ. ஓடியதும் வீல் நட்டுகளை டார்க் ரென்ச்சால் மறுபடி ஒரு சுற்றுப் பாருங்கள். சுத்தம் செய்த ஹப் முகத்தில் ரிம் படிந்து உட்காரும்போது இறுக்கம் சற்றுத் தளர்ந்திருக்கும்.